சென்னையில் லாட்ஜ் நடத்துகிறீர்களா? அறைகளைப் படம் எடுக்க ஒரு வழிகாட்டி

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே கென்னட் லேனில் நடந்தால் இரண்டு பக்கமும் லாட்ஜ் பலகைகள்தான். முன்பெல்லாம் ரயிலிலிருந்து இறங்கியவர் பெட்டியோடு ஒரு வாசலில் ஏறி, “ரூம் பார்க்கலாமா?” என்று கேட்பார். ரூம்பாய் சாவியோடு முன்னால் போவார். வந்தவர் மெத்தையை அமுக்கிப் பார்ப்பார், குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார், ஜன்னலைத் தள்ளி வெளியே எட்டிப் பார்ப்பார். தலையணை உறையை முகர்ந்து பார்ப்பவர்களும் உண்டு. அப்புறம்தான் வாடகைப் பேச்சு. இப்போது இந்தச் சோதனையெல்லாம் ரயில் விழுப்புரம் தாண்டுவதற்குள் கைப்பேசியிலேயே முடிந்துவிடுகிறது.

அன்று அவர் தொட்டும் திறந்தும் பார்த்ததையெல்லாம் இன்று உங்கள் படங்கள் காட்டியாக வேண்டும். அழகு அதற்கு அப்புறம். பத்து முப்பது அறைகள் உள்ள லாட்ஜ், சர்வீஸ் அபார்ட்மென்ட், ஈசிஆர் பக்கம் வாடகைக்கு விடும் கடற்கரை வீடு ஆகியவற்றை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய நட்சத்திர ஹோட்டல்களுக்குத் தனிப் படப்பிடிப்புக் குழுவே உண்டு, அவர்களுக்கு இது தேவைப்படாது.

முதலில் ரெஜிஸ்டரைப் புரட்டுங்கள்

கேமராவைத் தொடுவதற்கு முன் ரிசப்ஷனில் இருக்கும் ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கடைசி சில மாதங்களில் யார் வந்தார்கள், எதற்காக வந்தார்கள் என்று ஒரு தாளில் குறியுங்கள். சென்னையில் தெருவுக்குத் தெரு விருந்தினர் மாறுவார்.

கிரீம்ஸ் சாலை, ஆயிரம் விளக்குப் பக்கம் என்றால் கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சிகிச்சைக்கு வரும் குடும்பங்கள் அதிகம். அவர்கள் பல நாள் தங்குவார்கள். லிஃப்ட் இருக்கிறதா, சக்கர நாற்காலி அறை வரை போகுமா, ஒரு பாத்திரம் சோறு வடிக்க அடுப்பு உண்டா, உடன் வந்தவர் படுக்க இன்னொரு கட்டில் உண்டா என்பதுதான் அவர்கள் கேள்வி. வடபழனி, கோடம்பாக்கம் பக்கம் கல்யாணக் கூட்டம். முகூர்த்த நாளில் விடியற்காலை மூன்று மணிக்கே வெந்நீர் வேண்டும், புடவை கட்ட ஆளுயரக் கண்ணாடி வேண்டும், வேனை நிறுத்த இடம் வேண்டும். திருவல்லிக்கேணி என்றால் இன்டர்வியூவுக்கு வருபவர்கள், சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பார்க்க வருபவர்கள். மயிலாப்பூரில் மார்கழி சங்கீத சீசனுக்கு வரும் பெரியவர்களுக்கோ தரைத்தள அறையும் மத்தியானத் தூக்கமும் முக்கியம். அண்ணா மேம்பாலத்துக்குப் பக்கத்தில் அமெரிக்கத் துணைத் தூதரக விசா நேர்காணலுக்கு வருபவர் தேடுவது அயர்ன் பாக்ஸையும் காலை ஏழு மணிக்கே கிடைக்கும் டிபனையும்.

இந்தத் தாள்தான் உங்கள் படப்பட்டியல். லிஃப்ட் வாசல், அடுப்புள்ள மூலை, ஆளுயரக் கண்ணாடி, கார் நிறுத்துமிடம் ஆகியவற்றுக்கெல்லாம் தனித்தனியே ஒரு படம் வேண்டும். பல லாட்ஜுகளின் பக்கத்தில் ஒரே கட்டிலை ஐந்து கோணத்தில் எடுத்துப் போட்டிருப்பார்கள், கார் நிறுத்த இடம் உண்டா என்பதற்கு மட்டும் ஒரு படமும் இருக்காது. பார்ப்பவர் போன் செய்து கேட்க மாட்டார், அடுத்த லாட்ஜுக்குப் போய்விடுவார்.

என்ன கருவி வேண்டும்?

நான்கைந்து வருடத்துக்குள் வாங்கிய ஓரளவு நல்ல கைப்பேசி போதும். ஒரு ட்ரைபாட், போனைப் பொருத்த ஒரு பிடி, லென்ஸ் துடைக்க மைக்ரோஃபைபர் துணி. ரிச்சி தெருவில் சுற்றினால் இவ்வளவும் கிடைத்துவிடும். கேமரா வைத்திருந்தால் ஃபுல் ஃப்ரேமில் (பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 16 முதல் 24 மில்லிமீட்டர் வரையிலான லென்ஸ் அறைகளுக்கு ஏற்றது.

அறையைத் தயார் செய்வது

நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போக வேண்டும். படம் எடுக்க ஐந்து நிமிடம் போதும், அறையைத் தயார் செய்ய ஒரு மணி நேரம் ஆகும். ஒவ்வொரு வகை அறையிலும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஆனால் அது சராசரி அறையாக இருக்கட்டும். இருப்பதிலேயே பெரிய மூலை அறையை எடுத்து ‘ஸ்டாண்டர்ட் நான் ஏசி’ என்று போட்டால், மற்ற எல்லா அறைக்கு வருபவரும் ரிசப்ஷனில் வந்து சண்டை போடுவார்.

படுக்கை விரிப்பு வெள்ளையாக இருந்தால் நல்லது. சலவையிலிருந்து மடிப்போடு வந்த விரிப்பைப் போட்டால் அந்த மடிப்புக் கோடுகள் படத்தில் கட்டம் போட்ட நோட்டு மாதிரி தெரியும். கட்டிலில் விரித்த பிறகு, மேலேயே ஒரு தடவை அயர்ன் செய்யுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் தண்ணீரை லேசாகத் தெளித்து நாலு மூலையிலும் இழுத்துச் செருகிவிட்டு ஃபேனைப் போடுங்கள், காயும்போது சுருக்கம் பாதி போய்விடும். தலையணை உறையின் திறந்த பக்கம் கேமராவைப் பார்க்கக் கூடாது. துண்டில் அன்னப்பறவை செய்து கட்டில் நடுவில் வைக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. எத்தனை கை அந்தத் துண்டைத் தொட்டிருக்கும் என்று யோசிக்கத்தான் வைக்கிறது. மடித்த வெள்ளைத் துண்டு இரண்டை ஓரமாக வைத்தால் போதும்.

அப்புறம் அறை முழுக்க ஒரு சுற்று வாருங்கள். குப்பைக் கூடை, கொசுவத்திச் சுருள் தட்டு, முந்தைய விருந்தினர் விட்டுப்போன தண்ணீர் பாட்டில், டிவிக்கு அடியில் தொங்கும் செட்டாப் பாக்ஸ் வயர் எல்லாம் வெளியே போகட்டும். ஃபேன் இறக்கையைத் துடையுங்கள், அகலக் கோணத்தில் அதன் அடிப்பக்கத் தூசி நன்றாகவே விழும். ஏசியின் கீழே சுவரில் தண்ணீர் வழிந்த கறை இருந்தால் ஒரு கை பெயின்ட் அடித்துவிட்டே எடுக்கலாம். திரைச்சீலையின் கொக்கிகளில் ஒன்று கழன்றிருக்கும், அதை மாட்டுங்கள். இரண்டு பக்கத் திரையும் ஒரே அளவு திறந்திருக்கட்டும். ஃபேனை அணையுங்கள், டிவியை அணையுங்கள்.

எல்லாவற்றையும் ஒளித்துவிடவும் கூடாது. ஏசி, ஜன்னலில் அடித்த கொசுவலை, மேசை அருகே பிளக் பாயின்ட், பூட்டோடு கூடிய அலமாரி இவையெல்லாம் படத்துக்குள் வரட்டும். நம் ஊர்க்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது இவற்றுக்காகத்தான்.

வெளிச்சம்: வாசல் எந்தத் திசை?

வாஸ்து பார்த்துக் கட்டியவர்களுக்குத் திசை சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த அறிவு இங்கே உண்மையிலேயே பயன்படும். கிழக்கு ஜன்னல் உள்ள அறையில் காலை ஏழு மணிக்கு வெயில் நேராகக் கட்டிலில் விழுந்து பளீரென்று வெளுத்துவிடும். அந்த அறையைப் பதினோரு மணிக்கு மேல் எடுங்கள், வெயில் விலகி வானத்து வெளிச்சம் மட்டும் மெதுவாக உள்ளே வரும். மேற்கு ஜன்னல் அறைக்கு நேர்மாறாக, காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நல்ல நேரம்.

கட்டடத்தின் முகப்புக்குக் கணக்கு வேறு. அங்கே வெயில் நேரே விழ வேண்டும். கிழக்கு பார்த்த கட்டடத்தைக் காலையிலும், மேற்கு பார்த்ததை மாலை நாலரைக்கு மேலும் எடுக்கலாம். தெற்கு பார்த்த கட்டடத்துக்கு அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம், சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் நாள் முழுக்க முகப்பில் வெயில் இருக்கும். வடக்கு பார்த்த கட்டடக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். சென்னை நிலநடுக்கோட்டுக்கு 13 டிகிரி வடக்கே இருப்பதால் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் மத்தியானச் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேலே வரும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் அது வடக்குப் பக்கமாகத்தான் போகும். அதனால் மே முதல் ஜூலை வரை அதிகாலையிலும் மாலையிலும் வடக்கு முகப்பில் சாய்வெயில் விழும். மற்ற மாதங்களில் வடக்கு முகப்பை அந்திக்குப் பிறகு விளக்கு வெளிச்சத்தில் எடுப்பது உத்தமம்.

அந்தி என்றதும் சொல்லிவிடுகிறேன். சூரியன் மறைந்த பின் வானம் கருநீலமாக இருக்கும் நேரம் நம் ஊரில் குறைவு. மறைந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் தொடங்கி, அரை மணி ஆவதற்குள் வானம் கறுத்துவிடும். பெயர்ப் பலகை, ரிசப்ஷன், பால்கனி விளக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே போட்டு, ட்ரைபாடை நிறுத்திவைத்துக் காத்திருங்கள். அப்போதுதான் பலகையின் வெளிச்சமும் வானத்தின் வெளிச்சமும் ஒன்றுக்கொன்று இணையாக வரும். நவம்பரில் 5.40 வாக்கிலேயே சூரியன் மறையும், ஜூலையில் 6.35க்கு மேல் ஆகும். நேரத்தைப் பார்த்துக்கொண்டு மாடி ஏறுங்கள்.

ஜன்னலே இல்லாத அறை

நகரத்துக்குள் இருக்கும் லாட்ஜுகளில் பாதி அறைகளுக்கு, காற்றுக்காகக் கட்டடத்துக்குள் விட்ட குறுகலான இடைவெளியைப் பார்த்த ஒரு சின்ன ஜன்னல்தான் இருக்கும். அங்கே பகல் வெளிச்சத்தை நம்பிப் பயனில்லை. ஒரு சுவரில் வெள்ளை ட்யூப்லைட், தலைமாட்டில் மஞ்சள் பல்பு, குளியலறையிலிருந்து நீல வெளிச்சம் என்று மூன்று நிறம் கலந்தால் எந்த எடிட்டிங்கும் அந்தப் படத்தைக் காப்பாற்றாது. பல்புப் பெட்டியின் மேல் கெல்வின் எண் அச்சிட்டிருப்பார்கள். 2700, 3000 என்றால் மஞ்சள், 4000 நடுத்தரம், 6500 என்றால் நம் வழக்கமான வெள்ளை. அறையில் உள்ள எல்லா விளக்கையும் ஒரே எண்ணுக்கு மாற்றுங்கள். என்னைக் கேட்டால் 4000. 3000 படத்தில் அழகாக இருக்கும், ஆனால் அதே அறையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பவர் “என்ன சார், லைட் டல்லா இருக்கு” என்பார்.

விலை குறைந்த எல்இடி பல்பில் இன்னொரு தொல்லை உண்டு, படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த விளக்குகள் நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். போனில் ‘ப்ரோ’ முறைக்குப் போய் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/25 நொடி என்று வைத்தால் பட்டை மறையும். ட்ரைபாட் இருப்பதால் கை ஆட்டமும் இல்லை. ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 100, 200 அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு நொடி டைமர் போட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஃபிளாஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். அது எந்த அறையையும் போலீஸ் சோதனைக்குப் பிந்தைய அறை மாதிரி ஆக்கிவிடும்.

எங்கே நிற்பது, எவ்வளவு உயரத்தில் வைப்பது?

நின்ற இடத்தில் கண் உயரத்தில் போனைப் பிடித்து எடுப்பது எல்லோரும் செய்வது. அதில் கட்டில் சப்பையாகத் தெரியும், பாதி படம் கூரையாக இருக்கும். லென்ஸை நான்கடி உயரத்துக்கு, அதாவது இடுப்புக்குச் சற்று மேலே கொண்டுவாருங்கள். கதவு மூலையில் சுவரோடு ஒட்டி நின்று, எதிர் மூலையை நோக்கி எடுங்கள். மூன்று சுவர் தெரிந்தால் அறையின் அளவு புரியும். சின்ன அறை என்றால் வாசற்படிக்கு வெளியே வராந்தாவில் நின்று கதவைத் திறந்தபடி எடுக்கலாம்.

போனில் கட்டக்கோடுகளைப் போட்டுவிட்டு, கதவு நிலையும் அலமாரி ஓரமும் அந்தக் கோடுகளுக்கு நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். போனை மேலேயோ கீழேயோ சாய்த்தால் சுவர்கள் சரிந்துவிடும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ‘ஏதோ சரியில்லை’ என்று மட்டும் தோன்றும்.

இனி போன் கேமராவில் இருக்கும் அந்த 0.5 எக்ஸ் விஷயம். அகலக் கோண லென்ஸ் எட்டுக்குப் பத்து அறையை ஹால் மாதிரி காட்டும். கூடவே ஓரத்தில் இருக்கும் தலையணையை ஒரு முழ நீளத்துக்கு இழுத்துவிடும். குளியலறைக்கும் மிகச் சிறிய அறைக்கும் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், அப்போதும் கட்டிலையும் நாற்காலியையும் படத்தின் ஓரத்துக்குப் போகவிடாதீர்கள். மற்ற இடங்களில் சாதாரண 1 எக்ஸே நேர்மையானது. எல்லாப் படத்தையும் போனைப் படுக்கவைத்து அகலவாக்கில் எடுங்கள், பதிவுத் தளங்கள் பெரும்பாலும் அப்படித்தான் காட்டுகின்றன.

ஏசி அறைக்குள் ஒரு மணி நேரம் இருந்த போனை வெளியே மொட்டை மாடிக்குக் கொண்டுபோனால் லென்ஸில் ஆவி படிந்து படம் முழுக்கப் பனிமூட்டம் ஆகிவிடும். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் அப்படி. துடைத்தாலும் திரும்பப் படியும். பையில் போட்டு கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டு எடுங்கள். இல்லையென்றால் வெளிப்புறப் படங்களை முதலில் முடித்துவிட்டு அறைக்குள் நுழையுங்கள்.

குளியலறை

பலர் இந்தப் படத்தைப் போடுவதே இல்லை, அல்லது வாஷ்பேசினின் ஒரு ஓரத்தைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். குடும்பத்தோடு வருபவர்கள் முதலில் தேடுவது இதைத்தான். காட்டவில்லை என்றால் காட்ட முடியாத நிலையில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வார்கள்.

சென்னையில் போர்வெல் தண்ணீரின் உப்பு குழாயிலும் ஷவரிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும். வினிகரில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றி அரை மணி நேரம் விட்டுத் தேய்த்தால் போய்விடும். மார்பிள் தரையில் மட்டும் படக் கூடாது, பளபளப்பைத் தின்றுவிடும். தரையை ஈரமில்லாமல் துடையுங்கள். கம்மோடின் மூடியை மூடுங்கள். பாதி தேய்ந்த சோப்பு, பினாயில் பாட்டில், தேய்ப்பான் எல்லாம் வெளியே.

வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டுப் பக்கெட்டையும் மக்கையும் எடுத்து ஒளித்துவைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. பளிச்சென்ற ஒரு பக்கெட்டும் அதன் மேல் மக்கும் இருப்பது நம் விருந்தினருக்கு நிம்மதி. கீசரும் ஹெல்த் ஃபாசெட்டும் படத்தில் தெரிய வேண்டும். இந்திய முறைக் கழிப்பறை என்றால் அதையும் அப்படியே காட்டுங்கள், அதைத்தான் தேடும் பெரியவர்களும் உண்டு, மூட்டு வலியால் தவிர்ப்பவர்களும் உண்டு. கண்ணாடியில் போனோடு நீங்கள் தெரியாதபடி ஓரமாக நகர்ந்து எடுங்கள்.

தெருவும் வயர்களும்

சென்னைத் தெருவில் ஒரு கட்டடத்தின் முகப்பைத் தடையில்லாமல் எடுப்பது லேசான வேலையில்லை. குறுக்கே கேபிள் டிவி வயர், வாசலில் ஈபி பெட்டி, பத்துப் பைக்குகள், யாரோ வைத்த காதுகுத்து ஃபிளெக்ஸ் பேனர். சில தெருக்களில் மெட்ரோ வேலைக்கான தடுப்பும் சேர்ந்துகொள்ளும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு, ஆறரைக்கு இறங்கினால் பாதிப் பிரச்சினை தீரும். கடைகள் திறந்திருக்காது, வண்டிகள் குறைவு. மீதிப் பாதிக்கு எதிர்க் கட்டடத்தின் முதல் மாடி. அங்கிருப்பவரிடம் முந்தின நாளே கேட்டு, அவர் பால்கனியிலிருந்து எடுங்கள். வயர்கள் பலவும் கீழே போய்விடும், கட்டடமும் சரியாமல் நிமிர்ந்து நிற்கும்.

வாசலைக் கழுவிக் கோலம் போட்ட பிறகு எடுத்தால் சின்ன லாட்ஜுக்கும் ஒரு களை வந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் ஒரு நல்ல மழை பெய்து மறுநாள் வெளுத்த காலை கிடைத்தால் விடாதீர்கள். மரத்தில் தூசி இருக்காது, வானம் நீலமாக இருக்கும்.

முகப்புப் படத்தோடு தெரு முனையிலிருந்து பெயர்ப் பலகை தெரியும்படி இன்னொன்றும் எடுங்கள். இரவு பதினொன்றுக்கு ஆட்டோவில் வருபவர் அதைக் காட்டித்தான் வழி கேட்பார்.

டிரோனில் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால், 2021 டிரோன் விதிகளின்படி அந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று ‘டிஜிட்டல் ஸ்கை’ வரைபடத்தில் பார்த்துவிட்டுப் பேசுங்கள். விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பது சிவப்பு மண்டலம், மத்திய அரசின் அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது. பல்லாவரம், ஆலந்தூர்க்காரர்கள் டிரோனை மறந்துவிடலாம்.

கடல் பார்த்த அறை

நீலாங்கரை, முட்டுக்காடு, கோவளம் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு. நம் கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் கடலை நோக்கி எடுத்தால் சூரியன் லென்ஸுக்கு எதிரே நிற்கும், கடல் வெள்ளித் தகடாக வெளுத்துத் தெரியும். மத்தியானம் இரண்டு மூன்று மணிக்கு மேல் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் போனதும் கடல் நீலமாக வரும். பால்கனிப் படத்தை அப்போது எடுங்கள். சூரிய உதயம் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு காலை. ஜூனில் 5.45க்கும் ஜனவரி கடைசியில் ஆறரைக்கு மேலும் என்று நேரம் மாறும்.

ஈசிஆர் விடுதிகள் சிலவற்றின் பக்கத்தில் கடலுக்குள் சூரியன் மறையும் படத்தைப் பார்க்கலாம். எங்கிருந்தோ இறக்கிய கோவா படம். மெரினாவில் ஒரு மாலை உட்கார்ந்தவருக்குக்கூட அந்தப் பொய் தெரிந்துவிடும், அதற்கப்புறம் மற்ற படங்களையும் அவர் நம்ப மாட்டார். கடல் தெரிவது மொட்டை மாடியிலிருந்து மட்டும்தான் என்றால் படத்தின் கீழே அப்படியே எழுதுங்கள்.

உப்புக் காற்று லென்ஸில் ஒரு படலம் போடும், ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் துடையுங்கள். நீச்சல் குளத்தை மட்டும் உச்சி வெயிலில் எடுக்கலாம், தண்ணீரின் நீலம் அப்போதுதான் அடி வரை தெரியும்.

டிபன்

காலை உணவு தருகிறீர்கள் என்றால் அதற்கு ஒரு படம், மிஞ்சினால் இரண்டு. ஜன்னலோர மேசையில், பக்கவாட்டு வெளிச்சத்தில், விளக்கை அணைத்துவிட்டு எடுங்கள். வாழை இலையைத் துடைத்து, நுனி சாப்பிடுபவரின் இடப் பக்கம் வரும்படி போடுங்கள். மாற்றிப் போட்டால் நம் ஆட்கள் உடனே கவனிப்பார்கள். சாம்பார் ஆறினால் மேலே ஆடை கட்டும், ஒரு முறை கலக்கிவிட்டு எடுங்கள். ஃபில்டர் காபியின் நுரை சீக்கிரம் அடங்கிவிடும் என்பதால் போனை முதலில் நிறுத்திவைத்துவிட்டு அப்புறம் டபராவைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆவி தெரிய வேண்டுமா? ஏசி அறையில், பின்னால் இருண்ட சுவர் இருக்கும்படி, வெளிச்சம் இட்லிக்குப் பின்பக்கத்திலிருந்து வரும்படி வையுங்கள். எவர்சில்வர் தட்டில் உங்கள் சட்டை நிறம் பிரதிபலிக்கும், வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

ரிசப்ஷன்

இங்கே அழகைவிட ஜாக்கிரதை முக்கியம். கவுன்ட்டரில் திறந்து கிடக்கும் ரெஜிஸ்டர், விருந்தினர்களின் ஆதார் நகல்கள், சுவரில் ஒட்டிய வைஃபை பாஸ்வேர்டு, சிசிடிவி திரை எல்லாமே பெரிதாக்கினால் படிக்கக் கிடைக்கும். அனைத்தையும் எடுத்துவிடுங்கள். சாமி படத்துக்குப் புது மாலை போடுங்கள், நேற்றைய வாடிய மாலை படத்தில் நன்றாகவே தெரியும். சோபாவில் உட்கார்ந்திருக்கும் விருந்தினரை அவருடைய சம்மதம் இல்லாமல் எடுக்காதீர்கள். ஊழியர்கள் இருக்கலாம், அவர்களுக்கும் விருப்பம் இருந்தால். சிரித்த முகத்தோடு ஒரு ரிசப்ஷனிஸ்ட் நிற்கும் படம், தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்குத் தைரியம் தரும். வராந்தா விளக்கு எரியும் இரவுப் படமும் அப்படித்தான்.

திருத்தம் எதுவரை?

நேராக்குவது, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுவது, நிறத்தைச் சரிசெய்வது, இவை போதும். இதற்கெல்லாம் போனிலேயே இலவசச் செயலிகள் இருக்கின்றன. வானத்தை மாற்றுவது, ஜன்னலுக்கு வெளியே இல்லாத மரத்தை வைப்பது, செயற்கை நுண்ணறிவை விட்டுக் கட்டிலையே புதிதாக வரைவது எல்லாம் இப்போது ஒரு சொடுக்கில் முடியும் என்பதால் ஆசை வரும். இல்லாத வசதியை இருப்பதாகக் காட்டினால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது தவறாக வழிநடத்தும் விளம்பரம் ஆகலாம். அதைவிட உடனடிச் சிக்கல், ஏமாந்தவர் அறையிலிருந்தே தன் போனில் நாலு படம் எடுத்து ஒரு நட்சத்திரத்தோடு ஏற்றிவிடுவார். கூகுள் மேப்ஸில் உங்கள் படத்துக்குப் பக்கத்திலேயே அதுவும் நிற்கும்.

தொழில்முறைப் புகைப்படக்காரரைக் கூப்பிடுவதானால் மேலே சொன்ன பட்டியலை அவர் கையில் கொடுங்கள். அவர் அழகைப் பார்த்துக்கொள்வார், பக்கெட்டையும் லிஃப்டையும் நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குத்தான் படத்தின் முதல் உரிமை. அவர் நீட்டும் தாளில் வேறு மாதிரி எழுதியிருக்கலாம், கையெழுத்துக்கு முன் படியுங்கள்.

ஏற்றுவது

படங்களை மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கித் தரம் போய்விடும். ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். கூகுள் வணிகப் பக்கத்துக்குப் பரிந்துரைக்கும் அளவு 720க்கு 720 பிக்ஸல், கோப்பு 10 கேபி முதல் 5 எம்பி வரை இருக்கலாம். மற்ற பதிவுத் தளங்கள் ஒவ்வொன்றும் தனி அளவு கேட்கும், மூலப் படங்களை அழிக்காமல் பத்திரமாக வைத்துக்கொண்டால் எதற்கும் மாற்றிக்கொள்ளலாம்.

வரிசையில் முதல் படமாக முகப்பைப் போடுவது வழக்கம். கட்டடம் தனித்துத் தெரிந்தால் சரி. சந்துக்குள் பத்தோடு பதினொன்றாக நிற்கும் லாட்ஜுக்கு, அதிகம் விற்கும் அறையின் படத்தையே முதலில் போடுங்கள். அடுத்தது அதே அறையின் குளியலறை. மூன்றாவதாக முகப்பு, நான்காவதாக உங்கள் விருந்தினர் கேட்கும் அந்தத் தனி வசதி. ஒவ்வொன்றின் கீழும் அறை வகையின் பெயரை எழுதுங்கள். ஏசி அறைப் படத்தை நான் ஏசி வரிசையில் போட்டுவிட்டால் தினமும் ரிசப்ஷனில் பஞ்சாயத்துதான். ஒரு அறைக்கு நாலைந்து நல்ல படம் போதும்.

கட்டில் மாறினாலோ பெயின்ட் மாறினாலோ படமும் மாற வேண்டும். அதற்கென்று தனியாக நாள் குறிக்கச் சோம்பலாக இருந்தால் ஆயுத பூஜையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எப்படியும் அன்று மாடிப்படி முதல் ஜெனரேட்டர் வரை கழுவித் துடைப்பீர்கள். சந்தனம் குங்குமம் வைப்பதற்கு முன்னால் அறைகளையும், தோரணம் கட்டிய பிறகு ரிசப்ஷனையும் எடுத்துவிட்டால், மார்கழி சீசனுக்கு அறை தேடுபவர்கள் புதுப் படங்களையே பார்ப்பார்கள்.